ஸ்டியரிங், சஸ்பென்ஷனில் தேய்ந்த பாகத்தை நீங்களே கண்டுபிடிப்பது எப்படி?

என் காரின் முன்பக்க இடது சக்கரத்திலிருந்து 'டக் டக்' என்று ஒரு சத்தம். வேகத்தடையில் நேராக ஏறி இறங்கினால் வராது. ரோட்டில் ஒட்டுப்போட்ட இடங்களில், சின்னச் சின்ன மேடுபள்ளங்களில் மட்டும் விடாமல் வரும். ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தவர், "ஸ்டியரிங் ராக் போயிடுச்சு சார், முழுசா மாத்தணும்" என்றார். ராக் என்றால் ஸ்டியரிங்கின் திருப்பத்தைச் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் பல்சட்டம். காரைத் தூக்கவில்லை, அடியில் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து சக்கரத்தின் பக்கத்தில் உட்கார்ந்தேன். சக்கர வளைவுக்குள் கையை விட்டு, ஸ்டெபிலைசர் பார் என்ற முறுக்குக் கம்பியின் முனையில் இருக்கும் ஸ்டெபிலைசர் லிங்கின் மேல் முனையை விரலால் பிடித்துக்கொண்டு, நண்பரைக் காரைப் பக்கவாட்டில் ஆட்டச் சொன்னேன். விரலுக்கடியில் லொட லொடவென்று ஆடியது. முழங்கை நீளம்கூட இல்லாத ஒரு கம்பி, இரண்டு நட். அதை மாற்றியதும் சத்தம் போனது. ராக் இன்றுவரை அதேதான்.

அந்த மெக்கானிக்குக் காது கேட்காமல் இல்லை. சஸ்பென்ஷன் சத்தம் இரும்பு வழியாகப் பயணிக்கிறது. இடது பக்கம் தட்டுவது டேஷ்போர்டின் நடுவில் தட்டுவது போலக் கேட்கும், பின்பக்கத்துச் சத்தம்கூட முன்னால் வருவது போலத் தோன்றும். அதனால் சத்தத்தை வைத்துச் சந்தேகப்படலாம், பாகம் மாற்றக் கூடாது. கையில் ஆட்டம் தட்டுப்பட்ட பிறகுதான் ஸ்பேனர். கீழே உள்ள எல்லாச் சோதனைகளும் அந்த ஆட்டத்தைத் தேடிப் போகிற வழிதான்.

முதலில் டிக்கியைக் காலி செய்துவிட்டு ஓட்டுங்கள்

சிரிக்க வேண்டாம். சரியாக இறுக்காத ஸ்டெப்னியும் ஜாக்கியும் பல பேரைப் பாடாய்ப் படுத்தியிருக்கின்றன. டிக்கியைக் காலி செய்து, பாட்டை நிறுத்தி, கண்ணாடியை இறக்கிவிட்டு, மதில் சுவர் ஓரமாக மெதுவாக ஓட்டுங்கள். சத்தம் சுவரில் பட்டுத் திரும்பி வரும்போது எந்தப் பக்கம் என்று ஓரளவு தெரியும். சத்தம் எப்போது வருகிறது என்பதைத்தான் கவனிக்க வேண்டும். எப்படி வருகிறது என்பது அதற்கு அப்புறம்.

சின்ன மேடுபள்ளத்தில் அடுக்கடுக்காக 'டக் டக்' என்றால் முதல் சந்தேகம் ஸ்டெபிலைசர் லிங்க் மீது. இதை ரோட்டிலேயே பாதி உறுதி செய்துவிடலாம். ஸ்டெபிலைசர் பார் இடது, வலது சக்கரங்களை இணைக்கும் முறுக்குக் கம்பி. இரண்டு சக்கரமும் ஒன்றாக ஏறி இறங்கினால் அது முறுக்கப்படாது, லிங்கில் பெரிதாகச் சுமை ஏறாது. ஒரு சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்கினால் முறுக்கப்படும். ஆக, வேகத்தடையை நேராகக் கடக்கும்போது அமைதி, சாய்வாக ஒவ்வொரு சக்கரமாக ஏற்றினால் சத்தம் என்றால், லிங்க் அல்லது அந்தக் கம்பியை அடிச்சட்டத்தோடு பிடித்திருக்கும் ரப்பர் புஷ்.

பிரேக் பிடிக்கும்போது ஒரே ஒரு 'டொக்', ரிவர்ஸில் எடுத்துப் பிரேக் பிடிக்கும்போது இன்னொரு 'டொக்' என்றால் லோயர் ஆர்மின் (சக்கரத்தை அடிச்சட்டத்தோடு இணைக்கும் கீழ்க் கை) புஷ், குறிப்பாகப் பின்பக்கத்துப் பெரிய புஷ். ஆர்ம் முன்னும் பின்னும் நகர்ந்து முட்டுகிற சத்தம் அது. பெரிய பள்ளத்தில் ஆழமான 'டம்' என்றால் புஷ், பால் ஜாயின்ட் (ஆர்மைச் சக்கரப் பக்கத்தோடு இணைக்கும் உருண்டை மூட்டு), ஸ்ட்ரட் மவுண்ட் (ஷாக்கும் ஸ்பிரிங்கும் சேர்ந்த ஸ்ட்ரட்டின் மேல்முனைப் பிடிப்பு) மூன்றையும் பார்க்க வேண்டும். கார் நிற்கும்போது ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பினால் ஸ்பிரிங் 'டொய்ங்' என்று துள்ளினால் ஸ்ட்ரட் மவுண்ட்டின் பேரிங் இறுகியிருக்கிறது. கதவுக் கீல் போல 'கிரீச்' என்று முனகினால் கிரீஸ் வற்றிய பால் ஜாயின்ட்டாக இருக்கலாம்.

வேகம் கூடக் கூட 'ஊ...' என்று ஒரு இரைச்சல் வளர்ந்தால் வீல் பேரிங். சீரான வேகத்தில், ரோடு காலியாக இருக்கும்போது, மெல்ல இடதுபக்கம் வளையுங்கள். எடை வலது சக்கரங்களின் மேல் சாயும். இரைச்சல் கூடினால் பெரும்பாலும் வலது பேரிங், குறைந்தால் இடது. டயர் மேடுபள்ளமாகத் தேய்ந்திருந்தாலும் இதே இரைச்சல் வரும். ஆனால் அது வளைவில் அவ்வளவாக மாறாது, ரோட்டின் மேற்பரப்பு மாறும்போது மாறும்.

ஆளை ஏமாற்றுகிற சத்தங்கள் இரண்டு. ஒன்று, பிரேக் பேட் லொடலொடப்பது. சத்தம் வரும் ரோட்டில் போகும்போது பிரேக்கை லேசாக, வேகம் குறையாத அளவுக்கு, தொட்டுக்கொண்டே போங்கள். சத்தம் நின்றுவிட்டால் சஸ்பென்ஷனைத் தோண்ட வேண்டாம், பிரேக் பேடையும், அதை அழுத்தும் காலிப்பரையும் பாருங்கள். இன்னொன்று, ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பி வண்டியை நகர்த்தும்போது வருகிற 'டிக் டிக் டிக்'. அது டிரைவ் ஷாஃப்டின் வெளிப்பக்க ஜாயின்ட், இந்தக் கட்டுரையின் எல்லைக்கு வெளியே.

ஸ்டியரிங் 80-100 கிலோமீட்டர் வேகத்தில் நடுங்கினால் உடனே டை ராடை (ராக்கையும் சக்கரத்தையும் இணைக்கும் கம்பி) பழி சொல்லாதீர்கள். முதலில் வீல் பேலன்ஸ். ஒரு பக்கமாக இழுத்தால் முதலில் டயர் காற்று, அப்புறம் அலைன்மென்ட், பிரேக் ஒட்டிப் பிடிக்கிறதா என்பது. ஆனால் நேர் ரோட்டில் கார் தன்னிஷ்டத்துக்கு அலைந்து, நீங்கள் ஓயாமல் ஸ்டியரிங்கைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டியிருந்தால், எங்கோ ஆட்டம் இருக்கிறது.

தரையில் நிற்கும்போதே ஸ்டியரிங்கைச் சோதிப்பது

கூட ஒரு ஆள் வேண்டும். காரைச் சமதளத்தில், திறந்த வெளியில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, சக்கரங்களை நேராக வைத்து, இன்ஜினை ஓடவிடுங்கள். ஸ்டியரிங் வட்டத்தின் உச்சியில் ஒரு சின்ன டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். இரண்டு விரலால் இடதும் வலதுமாக மெல்ல அசைத்து, முன்சக்கரம் அசையத் தொடங்கும் வரை டேப் எவ்வளவு தூரம் நகர்கிறது என்று பாருங்கள். சில நிறுவனங்களின் கையேட்டில் 30 மில்லிமீட்டர் வரை அனுமதி உண்டு. ராக்-பினியன் ஸ்டியரிங் உள்ள நல்ல காரில் அதைவிட வெகுவாகக் குறைவாகவே இருக்கும். உங்கள் காரின் கையேட்டில் உள்ள அளவுதான் இறுதி.

ஆட்டம் இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. எங்கே? இப்போது கூட்டாளியை உள்ளே உட்கார்த்தி, ஸ்டியரிங்கைக் குட்டியாக, விட்டுவிட்டு, இடம் வலம் அசைக்கச் சொல்லுங்கள். கால் சுற்று திருப்பினால் உங்கள் கை மாட்டிக்கொள்ளும். அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சக்கரத்தைத் தூக்காமல் சோதிப்பதில் ஒரு காரணம் இருக்கிறது. வண்டியின் எடை டயரைத் தரையோடு பிடித்திருப்பதால், தேய்ந்த ஜாயின்ட் தன் ஆட்டத்தை முழுக்கக் காட்டும். தூக்கிவிட்டால் சக்கரம் லேசாகச் சுழன்று ஆட்டத்தை மறைத்துவிடும்.

ஸ்டியரிங் கம்பியில் தொடங்கி சக்கரம் வரை ஒவ்வொரு ஜாயின்ட்டாகப் போங்கள். பெடலுக்கு மேலே, கீழே இருக்கும் யுனிவர்சல் ஜாயின்ட், ராக், ராக்கின் இரு முனையிலும் உள்ள ரப்பர் பெல்லோஸுக்குள் (மடிப்பு மடிப்பான உறை) ஒளிந்திருக்கும் ராக் எண்ட், கடைசியாகச் சக்கரத்தோடு இணையும் டை ராட் எண்ட். ஜாயின்ட்டின் இரண்டு பாகங்களும் ஒரே நேரத்தில் நகர வேண்டும். ஒரு பாகம் முதலில் நகர்ந்து, மற்றது 'டக்'கென்று பின்னால் வந்தால், இடையில் இருக்கிற அந்தத் தாமதம்தான் தேய்மானம். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும், இரண்டு பாகத்தையும் சேர்த்து விரலால் பிடித்தால் தெரியும். ராக் எண்டுக்கு, பெல்லோஸை வெளியிலிருந்து அமுக்கி உள்ளே இருக்கும் உருண்டையைப் பிடிக்க வேண்டும். ராக்கே அடிச்சட்டத்தில் பக்கவாட்டில் நகர்ந்தால் அதைப் பிடித்திருக்கும் புஷ் போயிருக்கிறது.

பெல்லோஸைத் தொடும்போதே கிழிசல் உண்டா என்றும் பாருங்கள். ஹைட்ராலிக் பவர் ஸ்டியரிங்கில் அதற்குள் எண்ணெய் தேங்கியிருந்தால் ராக் சீல் ஒழுகுகிறது. எலெக்ட்ரிக் ஸ்டியரிங்கில் கிரீஸ் தவிர வேறெதுவும் இருக்கக் கூடாது. கிழிசல் வழியாகத் தண்ணீர் போய்த் துரு பிடித்தால் ராக்கின் பல்லே வீணாகிவிடும்.

டயரைக் கையால் படிப்பது

கண்ணால் பார்ப்பதைவிட உள்ளங்கையால் தடவுவது மேல். டிரெட்டின் (டயரில் தரையைத் தொடும் பகுதி) குறுக்காக உள்ளிருந்து வெளியே ஒரு தடவை, வெளியிலிருந்து உள்ளே ஒரு தடவை. ஒரு திசையில் வழுவழுப்பு, மறு திசையில் ரம்பம் போலக் கையில் கீறினால், சக்கரங்கள் இணையாக ஓடாமல் டயர் பக்கவாட்டில் உரசிக்கொண்டே போகிறது. டோ அளவு, அதாவது சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவு, கெட்டிருக்கிறது. டை ராடில் ஆட்டம் இருந்தாலும் இப்படித்தான் ஆகும்.

டயரின் சுற்றளவை ஒட்டித் தடவும்போது மேடும் குழியுமாக அலை அலையாக இருந்தால் ஷாக் அப்சார்பர் மீது சந்தேகம். சக்கரம் தரையில் அமராமல் துள்ளித் துள்ளிப் போனதன் தடம் அது. உள் ஓரம் மட்டும் மொட்டையாக இருந்தால் அலைன்மென்ட், தொய்ந்த புஷ், வளைந்த ஆர்ம் இவற்றைப் பாருங்கள். இரண்டு ஓரமும் தேய்ந்திருந்தால் காற்று குறைவு. நடுப்பகுதி மட்டும் என்றால் காற்று அதிகம்.

ஷாக், ஸ்பிரிங், ஸ்ட்ரட் மவுண்ட்

காரின் ஒரு மூலையை அழுத்தி விட்டுப் பார்க்கும் சோதனை எல்லோருக்கும் தெரியும். எழும்பி, கொஞ்சம் இறங்கி, நின்றுவிட வேண்டும். ஆடிக்கொண்டே இருந்தால் ஷாக் போச்சு. எனக்கு இதில் பெரிய நம்பிக்கை கிடையாது. முற்றிலும் செத்த ஷாக்கைத்தான் அது பிடித்துக் கொடுக்கும். பாதி பலம் போன ஷாக் இதில் சுலபமாகத் தேறிவிடும். காரணம், கையால் அழுத்தும் வேகம் ரோட்டில் சக்கரம் துள்ளும் வேகத்துக்குப் பக்கத்தில்கூட வராது.

எண்ணெய்க் கசிவைப் பார்ப்பது இதைவிடப் பயன். ஷாக்கின் மேல்பகுதியில் லேசான எண்ணெய்ப் படலமும் அதில் ஒட்டிய தூசியும் இருந்தால் பதறத் தேவையில்லை. எண்ணெய் சொட்டுச் சொட்டாக வழிந்து அடிப்பாகம் வரை நனைந்திருந்தால் மாற்ற வேண்டும். சந்தேகமாக இருந்தால் துணியால் துடைத்துவிட்டு, சில நாள் ஓட்டிய பிறகு மறுபடி பாருங்கள்.

காரின் உயரத்தையும் அளந்துவிடுங்கள். சமதளத்தில், டயர் காற்று சரியாக இருக்கும்போது, சக்கரத்தின் மையத்திலிருந்து ஃபெண்டர் வளைவு வரை டேப்பால் அளந்து, இடது, வலது பக்கங்களை ஒப்பிடுங்கள். பளிச்சென்று வித்தியாசம் இருந்தால் ஸ்பிரிங்கின் கீழ்ச் சுற்றை டார்ச் அடித்துத் தேடுங்கள். காயில் ஸ்பிரிங் பெரும்பாலும் கடைசிச் சுற்றில், தட்டில் உட்காருமிடத்தில்தான் உடையும். உடைந்த துண்டு அங்கேயே மறைந்து கிடப்பதால் பல பேருக்குத் தெரிவதே இல்லை.

இன்று பெரும்பாலான சிறிய கார்களின் முன்பக்கம் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட்தான். 1940களில் அமெரிக்கப் பொறியாளர் ஏர்ல் மெக்ஃபர்சன் வடிவமைத்தது. இதில் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது ஸ்ட்ரட் முழுவதும் சுழல்வதால், மேல்முனையில் ஒரு ரப்பர் மவுண்ட்டும் பேரிங்கும் உண்டு. பானட்டைத் திறந்து அந்த மேல் நட்டின் மேல் விரலை வைத்து, கூட்டாளியைக் காரின் அந்த மூலையை ஆட்டச் சொல்லுங்கள். நட் பாடியிலிருந்து எகிறி எகிறி விழுந்தால் ரப்பர் போயிருக்கிறது. அப்புறம் ஒரு கையைக் காயில் ஸ்பிரிங்கின் மேல் லேசாக வைத்து, சுற்றுகளுக்கு இடையில் விரலை விடாமல், ஸ்டியரிங்கைத் திருப்பச் சொல்லுங்கள். ஸ்பிரிங் வழுக்கிக்கொண்டு திரும்பினால் நல்லது. கொஞ்சம் தாங்கி நின்று, பிறகு குதித்துத் திரும்பினால் பேரிங் முடிந்தது.

ஜாக்கியில் தூக்கிய பிறகு

ஜாக்கி தூக்குவதற்கு மட்டும். தாங்குவதற்கு ஸ்டாண்ட். கெட்டியான தரை, பின்சக்கரத்துக்குக் கட்டை, கையேடு காட்டும் இடத்தில் ஜாக்கி, உடனே ஸ்டாண்ட், அப்புறம் காரை ஒரு தள்ளு தள்ளிப் பார்த்த பிறகுதான் அடியில் கை. ஸ்டாண்ட் இல்லையா, இந்தப் பகுதியை விட்டுவிடுங்கள்.

சக்கரத்தைக் கடிகாரமாக நினைத்துக்கொள்ளுங்கள். 12 மணியிலும் 6 மணியிலும் பிடித்து ஒன்றைத் தள்ளி, மற்றதை இழுங்கள். ஆட்டம் தெரிந்தால் வீல் பேரிங் அல்லது பால் ஜாயின்ட். எது? கூட்டாளியைப் பிரேக்கை அழுத்திப் பிடிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். பிரேக் பிடித்ததும் டிஸ்க்கும், பேரிங்கைத் தாங்கும் நாக்கிள் என்ற பாகமும் ஒன்றாக இறுகிவிடும். பேரிங்கின் ஆட்டம் காணாமல் போகும். அப்போதும் ஆடினால் பால் ஜாயின்ட் அல்லது அதற்குப் பின்னால் உள்ள புஷ். இந்த ஒரு சோதனை எத்தனையோ வீண் பேரிங் மாற்றங்களைத் தவிர்த்திருக்கும்.

பிறகு 3 மணி, 9 மணி. இங்கே ஆடினால் டை ராட் எண்ட் அல்லது ராக் எண்ட். கூட்டாளி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொள்ளட்டும், இல்லையென்றால் ஸ்டியரிங்கே சுழல்வதை ஆட்டம் என்று நினைத்துவிடுவீர்கள். ஒரு கையால் சக்கரத்தை ஆட்டிக்கொண்டே மறு கையால் டை ராட் எண்டைப் பிடியுங்கள். எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி ஆடினால் மறுபடி பேரிங் பக்கம் போக வேண்டும். பேரிங்கை உறுதி செய்ய, ஒரு கையைக் காயில் ஸ்பிரிங்கின் மேல் வைத்து மறு கையால் சக்கரத்தைச் சுழற்றுங்கள். கெட்ட பேரிங்கின் சொரசொரப்பு ஸ்பிரிங் வழியாக அதிர்வாகக் கைக்கு வரும்.

பால் ஜாயின்ட்டில் ஒரு நுணுக்கம். மெக்ஃபர்சன் வகையில் காரின் எடை கீழ் பால் ஜாயின்ட் வழியாக இறங்குவதில்லை, எனவே சக்கரம் தொங்கும்போதே சோதிக்கலாம். இரண்டு ஆர்ம் உள்ள வகையில், ஸ்பிரிங் கீழ் ஆர்மின் மேல் உட்கார்ந்திருந்தால், கார் தொங்கும்போது ஸ்பிரிங் அந்த ஜாயின்ட்டை இழுத்துப் பிடித்து ஆட்டத்தை மறைத்துவிடும். அங்கே ஜாக்கியைக் கீழ் ஆர்முக்கு அடியில், பால் ஜாயின்ட்டுக்கு எவ்வளவு பக்கத்தில் முடியுமோ அங்கே கொடுத்து, சக்கரத்தைத் தரையிலிருந்து கொஞ்சம் எழுப்பிச் சோதிக்க வேண்டும். டயருக்கு அடியில் ஒரு நீளக் கம்பியை விட்டு மேல்நோக்கி நெம்பினால் ஜாயின்ட் மேலும் கீழுமாக ஏறி இறங்குவது தெரியும்.

ரப்பர் புஷ்களுக்கும் அதே நெம்புகோல்தான். ஆர்முக்கும் அடிச்சட்டத்துக்கும் நடுவில் கொடுத்து மிதமாக நெம்புங்கள். ரப்பர் கொஞ்சம் நெளியும், நெளியத்தான் வேண்டும், அதற்குத்தான் ரப்பர். நெம்பும்போது விரிசல் வாய் பிளந்தாலோ, ரப்பர் இரும்பிலிருந்து உரிந்து வந்தாலோ, நடுக்குழாய் மையத்தை விட்டு ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தாலோ மாற்ற வேண்டியதுதான். மேலோட்டமான மயிரிழை விரிசல்கள் வயதின் அடையாளம், அவற்றைக் காட்டிப் பயமுறுத்துபவரை நம்ப வேண்டாம். சில கார்களின் பெரிய புஷ்ஷுக்குள் திரவம் இருக்கும். சுற்றிலும் ஒழுகிய கறை இருந்தால் அதுவும் முடிந்தது. கிறீச்சிடும் புஷ் எது என்று தெரியாவிட்டால் ஒவ்வொன்றாகத் தண்ணீர் பீய்ச்சுங்கள். சத்தம் அடங்குவது எதில் என்று பார்த்தால் போதும். இன்ஜின் ஆயில் ஊற்றாதீர்கள், ரப்பர் ஊறி உப்பிவிடும்.

பால் ஜாயின்ட், டை ராட் எண்ட் இரண்டின் ரப்பர் உறையையும் பார்த்துவிடுங்கள். உறை கிழிந்து கிரீஸ் வெளியே வந்திருந்தால், இன்று ஆட்டம் இல்லாவிட்டாலும், மண்ணும் தண்ணீரும் உள்ளே போய் அந்த ஜாயின்ட்டை அரைத்துவிடும்.

எதற்கு அவசரம், எது பொறுக்கும்

பால் ஜாயின்ட்டிலோ டை ராட் எண்டிலோ ராக் எண்டிலோ கையில் தெரிகிற ஆட்டம் இருந்தால் அந்தக் காரை ஓட்டாதீர்கள். பால் ஜாயின்ட் கழன்றால் சக்கரம் மடிந்து விழும். டை ராட் கழன்றால் அந்தச் சக்கரம் ஸ்டியரிங் சொல்வதைக் கேட்காது. ஆட்டம் விட்ட வீல் பேரிங்கும், உடைந்த ஸ்பிரிங்கும் இதே வரிசைதான். உடைந்த முனை டயரைக் கிழிக்கலாம். ஸ்டெபிலைசர் லிங்க்கும் அதன் புஷ்ஷும் காதுக்குத்தான் அதிகத் தொந்தரவு, சில நாள் நிதானமாக ஓட்டலாம். ஆர்ம் புஷ், ஷாக் இரண்டும் நடுவில். செத்த ஷாக்கோடு மோசமான ரோட்டில் பிரேக் அடித்தால் சக்கரம் துள்ளும், நிற்கும் தூரம் கூடும். அதைத் தள்ளிப்போடும் ஒவ்வொரு வாரமும் டயரையும் சேர்த்துத் தின்கிறது.

மாற்றும் இடத்தில் கண்ணை வையுங்கள்

ஷாக், ஸ்பிரிங் இரண்டையும் இடது வலது ஜோடியாக மாற்ற வேண்டும். டை ராட் எண்டைக் கழற்றும் முன் மரை எத்தனை சுற்று வெளியே இருக்கிறது என்று எண்ணி, புதியதை அதே அளவுக்கு ஏற்றினால், அலைன்மென்ட் செய்யும் இடம் வரை ஓட்டிப் போகலாம். பின் போடும் நட்டில் பழைய பின்னையே வளைத்துப் போடக் கூடாது. வேலை முடிந்ததும் வீல் அலைன்மென்ட். ஆட்டம் உள்ள ஜாயின்ட்டை வைத்துக்கொண்டு அலைன்மென்ட் செய்தால் மெஷின் காட்டும் எண் அடுத்த பள்ளம் வரைதான் தாங்கும்.

புதிய ஆர்ம் அல்லது புஷ் போட்டால் கடைசியில் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும் நிலையில் புஷ்ஷின் போல்ட்டை முழுக்க இறுக்கக் கூடாது. இறுக்கினால், காரை இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு நிற்கும், நாள் முழுக்க அதே முறுக்கில் இருந்து சீக்கிரம் கிழியும். போல்ட்டை லூஸாக மாட்டி, காரின் எடை சக்கரத்தின் மேல் இறங்கிய பிறகு, கையேட்டில் சொன்ன டார்க்கில் (இறுக்கும் விசை அளவு) இறுக்க வேண்டும். "டூப்ளிகேட் புஷ், ஆறு மாசம்கூட வரல" என்று சபிக்கப்படும் புஷ்களில் பல, தொங்கும்போதே இறுக்கப்பட்டவை.